ஸ்டென்சில் எழுத்துருவில் அந்த இடைவெளி எதற்கு?

"கொஞ்சம் மிலிட்டரி லுக் வேணும்" என்று கேட்டால் டிசைனர்கள் உடனே எடுத்துப் போடும் எழுத்து ஒன்று உண்டு. தடித்த ஆங்கில எழுத்து. அங்கங்கே வெட்டுப்பட்டு, துண்டு துண்டாக நிற்கும். ஜிம் போர்டு, பைக் ஷோரூம், பர்கர் கடை, டி-ஷர்ட் என்று எங்கும் அதுதான். ஸ்டென்சில் ஃபாண்ட் என்றால் இதுதான் என்று பலருக்கும் எண்ணம். இன்னும் ஒரு படி மேலே போய், கையில் இருக்கும் எந்த எழுத்துருவையும் எடுத்து நடுவில் இரண்டு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டால் ஸ்டென்சில் தயார் என்றும் நினைக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் கணிசமானவை அப்படிக் கோடு இழுத்தவைதான்.

அந்த வெட்டு அழகுக்காக வந்ததில்லை. தகட்டில் எழுத்தை வெட்டி எடுக்கிறவருக்கு அது இல்லாமல் முடியாது. அது ஏன், நவீன ஜியோமெட்ரிக் ஸ்டென்சில் எழுத்துருக்கள் அந்தத் தேவையை எப்படிக் கையாள்கின்றன, எங்கே அவை உதவும், எங்கே உதவாது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## கோலத் தட்டு சொல்லித்தருவது

கோயில் வாசல் கடைகளில் விற்கும் கோலத் தட்டைப் பார்த்திருப்பீர்கள். வட்டத் தட்டு, அதில் ஓட்டை ஓட்டையாகத் தாமரையோ நட்சத்திரமோ இருக்கும். தரையில் வைத்துக் கோலமாவைத் தூவி எடுத்தால் கோலம் விழுந்திருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கோலம் கோடாக விழாது, புள்ளிகளாகத்தான் விழும். தட்டு செய்பவருக்குக் கோடு வெட்டத் தெரியாமல் இல்லை. தாமரையின் ஓர் இதழைச் சுற்றிலும் விடாமல் கோடாக வெட்டினால், இதழின் நடுப்பகுதி தட்டோடு ஒட்டாமல் கழன்று கீழே விழுந்துவிடும். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே விட்டுவைத்த தகடுதான் அந்த நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எழுத்துக்கும் இதே கதைதான். ஓர் அட்டையில் ஆங்கில 'ஓ' எழுத்தைத் தடிமனாக வரைந்து, கருப்பாக இருக்கும் வளையத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுங்கள். வெட்டு ஒரு சுற்று முடிந்ததும் வளையத்தோடு நடுவில் இருந்த வட்டமும் கையோடு வந்துவிடும். அட்டையில் மிஞ்சுவது ஒரு பெரிய ஓட்டை. அதன்மேல் பெயின்ட் அடித்தால் சுவரில் 'ஓ' வராது, பெரிய கருப்புப் பொட்டுதான் வரும்.

எழுத்தின் உள்ளே இப்படி நான்கு பக்கமும் அடைபட்டு நிற்கும் வெற்றிடத்துக்குத் தீவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தத் தீவைச் சுற்றியுள்ள தகட்டோடு சேர்த்துப் பிடிக்க, வெட்டாமல் விட்டுவைக்கும் பட்டை பாலம். ஸ்டென்சில் எழுத்தில் நம் கண்ணுக்கு இடைவெளியாகத் தெரிவது பாலத்தின் நிழல்தான். தகட்டில் உலோகம் இருந்த இடத்தில் சுவரில் பெயின்ட் படவில்லை, அவ்வளவே.

ஒரு பாலம் போதாதா? தீவு விழாமல் இருக்கப் போதும். ஆனால் ஒரே பக்கம் பிடிப்பு இருந்தால் தீவின் மறுமுனை மேலே எழும்பும், பெயின்ட் அடியில் புகுந்து கசியும், நாலு தடவை பயன்படுத்தியதும் வளைந்துவிடும். அதனால்தான் 'ஓ' எழுத்தில் பெரும்பாலும் எதிரெதிராக இரண்டு பாலம் வைக்கிறார்கள்.

ஆங்கிலப் பெரிய எழுத்து 26இல் தீவு உள்ளவை ஏழு மட்டும்தான். மீதி 19 எழுத்துக்கும் கணக்குப்படி பாலமே தேவையில்லை. இந்த விவரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அடைபட்ட இடம் தீவு, அதைப் பிடிப்பது பாலம், இடைவெளியாகத் தெரிவது பாலம் இருந்த இடம்.

## பாலத்தை எங்கே வைப்பது?

இங்கேதான் வடிவமைப்பு வேலை தொடங்குகிறது.

பழைய பாணி ரோமன் எழுத்துகளில் ஓர் இடம் தடிப்பாகவும் ஓர் இடம் மெலிவாகவும் இருக்கும். பட்டைப் பேனாவால் எழுதிய பழக்கம் அது. அதில் பாலம் வைப்பது எளிது. 'ஓ' எழுத்தின் உச்சியிலும் அடியிலும் கோடு மெலிந்துதான் இருக்கிறது, அங்கே வெட்டினால் பெரிய இழப்பு இல்லை. பேனாவை ஒரு நொடி தூக்கிவிட்டு வைத்ததுபோல் இருக்கும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியத் தேவாலயங்களுக்கான பெரிய பாட்டுப் புத்தகங்களைத் தகட்டு எழுத்தால் பக்கம் பக்கமாக நிரப்பியிருக்கிறார்கள். அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், 1781இல் பெரி என்ற கைவினைஞரிடம் ஒரு முழு ஸ்டென்சில் செட் வாங்கினார். அது இன்றும் பிலடெல்ஃபியாவில் அமெரிக்கன் ஃபிலசாஃபிகல் சொசைட்டியில் இருக்கிறது. அச்சுத் தொழிலில் ஊறியவர் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் என்பதிலிருந்தே அந்த எழுத்துகளின் தரத்தை ஊகிக்கலாம். மிலிட்டரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜியோமெட்ரிக் எழுத்துருவில் இந்த வசதி கிடையாது. வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற அடிப்படை வடிவங்களிலிருந்து கட்டிய எழுத்துரு என்று இதற்கு அர்த்தம். அதில் 'ஓ' கிட்டத்தட்ட காம்பஸ் வைத்து வரைந்த வட்டம், கோடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. மெலிந்த இடம் என்று ஒன்று இல்லாததால், "இங்கே வெட்டு" என்று எழுத்து தானாகச் சொல்லாது. எங்கே வெட்டினாலும் உறுத்தும். வடிவமைப்பவர்தான் ஒரு விதி வகுத்து, எல்லா எழுத்துக்கும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். எல்லாப் பாலமும் செங்குத்தாக, ஒரே அகலத்தில், எழுத்தின் நடு அச்சில் என்பது ஒரு விதி. எல்லாம் சாய்வாக, ஒரே கோணத்தில் என்பது இன்னொன்று.

விதி சரியாக அமைந்தால், ஒரு சொல்லை எழுதும்போது அந்த வெள்ளைப் பிளவுகள் சீரான தாளத்தில் வந்துகொண்டே இருக்கும். நல்ல ஜியோமெட்ரிக் ஸ்டென்சிலை அடையாளம் காண நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கருப்புப் பகுதியை மறந்துவிட்டு வெள்ளைப் பிளவுகளை மட்டும் இடமிருந்து வலமாகப் பாருங்கள். ஒரே கை போட்டதாகத் தெரிந்தால் யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஒன்று தடித்தும் ஒன்று ஒல்லியாகவும் ஆளுக்கொரு திசையில் நின்றால், யாரோ முடிந்த எழுத்துருவில் ரப்பர் வைத்து அழித்திருக்கிறார்கள்.

அந்த 19 எழுத்து விவகாரம் இங்கே வருகிறது. தீவு இல்லாத எழுத்துகளைச் சும்மா விட்டுவிட்டால் ஒரே சொல்லில் சில எழுத்து பிளந்தும் சில எழுத்து முழுசாகவும் நிற்கும், குடும்பம் ஒட்டாது. அதனால் தேவையில்லாத எழுத்துகளிலும் வெட்டு வைக்கிறார்கள். சுத்தக் கைவினைஞர் கண்ணுக்கு இது பொய். நான் அவ்வளவு கறார் இல்லை. நீளமான கோடு வெட்டிய தகடு தொளதொளவென்று ஆடும் என்பதால், அங்கே ஒரு பாலம் இருப்பது பலத்துக்கும் நல்லதுதான்.

## யோசெஃப் ஆல்பர்ஸ் கேட்ட வேறு கேள்வி

1920களின் ஜெர்மனி. பவ்ஹவுஸ் என்ற கலைப் பள்ளியில் மாணவராக வந்து ஆசிரியரானவர் யோசெஃப் ஆல்பர்ஸ். பிற்காலத்தில் சதுரத்துக்குள் சதுரமாக நூற்றுக்கணக்கில் வண்ண ஓவியம் தீட்டியவர் என்று சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கலாம். அவர் 1920களின் நடுவில் ஒரு ஸ்டென்சில் எழுத்துமுறையை உருவாக்கினார். மூலப்பொருள் மூன்றே மூன்று: ஒரு சதுரம்; அதைக் குறுக்காகப் பாதியாக வெட்டிய முக்கோணம்; சதுரத்தின் பக்கத்தை ஆரமாகக் கொண்ட கால்வட்டம். எழுத்து முழுவதும் இவற்றை அடுக்கித்தான்.

மற்றவர்கள் "எழுத்து இருக்கிறது, பாலம் எங்கே வைப்பது?" என்று கேட்டார்கள். ஆல்பர்ஸின் அடுக்கு முறையில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. கோட்டால் வளையம் போட்டால்தானே உள்ளே தீவு உண்டாகும்? அவர் கோடு போடவே இல்லை, கட்டிகளை வைத்தார். கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே விட்ட பிளவுதான் எழுத்தின் உள்ளிடத்தைக் குறிக்கிறது. பாலமும் அதுவே, உள்ளிடமும் அதுவே.

இதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் அதே காலத்தில் பவுல் ரென்னர் என்ற ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர் செய்த ஃபியூச்சுரா பிளாக்கை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய ஃபியூச்சுரா என்ற ஜியோமெட்ரிக் எழுத்துரு வந்தது 1927இல். அதன் பெயரைச் சுமந்துகொண்டு, ஆனால் அதைப்போல் கொஞ்சமும் இல்லாமல், 1929இல் வந்தது இந்தப் பிளாக். அதன் சின்ன 'ஓ' எழுத்தில் ஓட்டையே கிடையாது. இடப்பக்கம் ஒரு கருப்புத் திண்டு, வலப்பக்கம் ஒரு கருப்புத் திண்டு, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைப் பிளவு. தனியாகப் பார்த்தால் அதை யாரும் 'ஓ' என்று சொல்ல மாட்டார்கள். சொல்லுக்குள் வைத்தால் தடங்கலில்லாமல் படிக்கிறோம். 1931இல் யான் சிக்கோல்ட் என்ற வடிவமைப்பாளர் ஆம்ஸ்டர்டாமின் அச்செழுத்து வார்ப்பாலை ஒன்றுக்காகச் செய்த டிரான்சிட்டோ எழுத்துருவும் இதே வழியில் வந்தது.

ஆல்பர்ஸ் அங்கே நிற்கவில்லை. சதுரம், வட்டம், கால்வட்டம் என்ற துண்டுகளை வெள்ளைக் கண்ணாடியில் தயாரித்து, வேண்டியபடி சேர்த்துக் கடைப் பலகை எழுதிக்கொள்ளும்படி ஒரு முறையை உருவாக்கினார். ஓஃபன்பர்க் நகரத்து நிறுவனம் ஒன்று அதைத் தயாரித்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி அச்சு வைத்துக்கொள்ளாமல், சில துண்டுகளை மட்டும் கையிருப்பில் வைத்து எதையும் எழுதலாம் என்ற சிக்கனக் கணக்கு.

ஆக ஜியோமெட்ரிக் ஸ்டென்சிலுக்கு இரண்டு வழி இருக்கிறது. கோட்டெழுத்தை வரைந்து அதில் பாலம் வைப்பது ஒன்று. 1970ஐ ஒட்டி மில்டன் கிளேசர் என்ற அமெரிக்க டிசைனர் செய்த கிளேசர் ஸ்டென்சில் இதற்கு நல்ல உதாரணம், ஒல்லியான வட்ட எழுத்தில் அளவான வெட்டுகள். கட்டிகளை அடுக்கிப் பிளவு விடுவது மற்றொன்று. இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன.

## ஈயத்தில் வார்த்த ஸ்டென்சில்

அப்படியென்றால் மிலிட்டரி லுக் எங்கிருந்து வந்தது? 1937இல் அமெரிக்காவில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் 'ஸ்டென்சில்' என்ற பெயரிலேயே எழுத்துரு கொண்டுவந்தார்கள்: லட்லோ என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக ராபர்ட் ஹன்டர் மிடில்டன், அதேபோன்ற இன்னொரு நிறுவனமான அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காக ஜெரி பவல். இரண்டுமே பெரிய எழுத்து மட்டும். சரக்குப் பெட்டியிலும் ராணுவத் தளவாடத்திலும் தகடு வைத்து எழுதும் தடித்த எழுத்தைப் பார்த்துச் செய்தவை. பவலின் எழுத்துருதான் கணினி வரைக்கும் வந்து, நாம் ஸ்டென்சில் என்றாலே நினைக்கும் முகமாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இவை ஈய அச்சு. ஈயத்தில் வார்த்த 'ஓ' எழுத்துக்கு நடுவில் தீவு என்ற பிரச்சினையே இல்லை, பாலமும் வேண்டாம். தேவை இல்லாத இடத்தில் தேவையின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வெட்டு அலங்காரம் என்ற எண்ணத்துக்கு இந்த எழுத்துருவும் ஒரு காரணம்.

## பாலமே வேண்டாத முறைகள்

வெட்டிய துளை வழியாக மை போகும் எல்லா முறைக்கும் ஸ்டென்சில் எழுத்து வேண்டும் என்று நினைப்பதும் தவறு. ஜப்பானில் துணிக்குச் சாயமிடப் பயன்படுத்தும் கதகாமி என்ற காகிதத் தகடுகளில், தீவுகளை மெல்லிய பட்டு நூல் வைத்துப் பிடித்தார்கள். நூல் அவ்வளவு மெல்லியது, சாயம் அதைச் சுற்றிப் போய்ச் சேர்ந்துகொள்ளும், தடம் தெரியாது. பிறகு நூலுக்குப் பதில் முழுவதும் வலைத்துணியே ஒட்டினார்கள். இங்கிலாந்தில் 1907இல் சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த ஸ்கிரீன் பிரின்டிங்கும் இதுதான்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, தீவு எங்கே இருந்தாலும் வலை பிடித்துக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகையும் டி-ஷர்ட்டும் ஸ்கிரீனில் அடிக்கும்போது எழுத்து பிளந்து நிற்காததற்குக் காரணம் இந்த வலை.

வினைல் ஸ்டிக்கரிலும் அப்படித்தான். வெட்டிய எழுத்தை அப்படியே ஒட்டும் டேப்பில் தூக்கி இடம் மாற்றிவிடுகிறார்கள். ஃப்ளெக்ஸ் பேனருக்குச் சொல்லவே வேண்டாம். இங்கெல்லாம் ஸ்டென்சில் எழுத்துரு பயன்படுத்தினால் அது முழுக்க முழுக்க உங்கள் ரசனை. தப்பில்லை, காரணம் மட்டும் வேறு.

## எங்கே அது நிஜமாகவே தேவை

தகடு வைத்து ஸ்ப்ரே அடிக்கும் வேலை இன்னும் ஒழிந்துவிடவில்லை. பார்க்கிங் தரையில் எண், டிரம்மில் பெயர், மரப்பெட்டியில் முகவரி என்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைவிடப் பெரிய தேவையை லேசர் கட்டிங் கொண்டுவந்திருக்கிறது. ஸ்டீல் ஷீட்டில் பெயரை வெட்டி, பின்னால் விளக்குப் போட்ட வீட்டு கேட்டுகளையும் ஹோட்டல் முகப்புகளையும் பாருங்கள். எழுத்து ஓட்டையாகவும் ஷீட் பின்னணியாகவும் இருப்பதால் கோலத் தட்டின் அதே சிக்கல் திரும்ப வருகிறது. பாலம் இல்லாத எழுத்துருவைக் கொடுத்தால் நடுத்துண்டு எல்லாம் மிஷின் படுக்கையில் விழுந்து கிடக்கும்.

பாலம் எவ்வளவு அகலம் வேண்டும்? ஷீட்டின் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது வெட்டுகிறவர்களின் பொதுக் கணக்கு. 3 மில்லிமீட்டர் ஷீட் என்றால் பாலமும் 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அதைவிட ஒல்லியானால் சூட்டில் வளையும், துருப்பிடித்தால் முதலில் அறுந்துபோவதும் அதுதான். எழுத்துருவில் பாலத்தின் அகலம் எழுத்தின் அளவோடு சேர்ந்து கூடும், குறையும். அதனால் ஒரு அடி உயரத்தில் பலமாக நின்ற எழுத்து, இரண்டு அங்குலத்தில் நிற்காமல் போகலாம். சில எழுத்துருக் குடும்பங்கள் பல தடிப்புகளில் வருவது இங்கே கைகொடுக்கும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இன்னொரு வகை, பழசான பெயின்ட் போலப் புள்ளியும் கீறலும் போட்ட ஸ்டென்சில் ஃபாண்டுகள். திரையில் அழகு. லேசருக்கு அனுப்பினால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டித் தீவு. அத்தனையும் உதிர்ந்து, வெட்டுக் கூலி மட்டும் பல மடங்காக வரும்.

## சின்ன அளவில் ஏன் சொதப்புகிறது

பிளந்த எழுத்தைக் கண் எப்படிச் சேர்த்துப் படிக்கிறது? முழுமை பெறாத உருவத்தை மனம் தானே நிரப்பிக்கொள்ளும் இயல்பை உளவியலில் மூடல் என்கிறார்கள். ஆல்பர்ஸ் எழுத்து அடுக்கத் தொடங்கிய அதே காலத்தில், 1923இல், மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இந்த இயல்புக்கு ஓர் எல்லை உண்டு. பிளவு, எழுத்தின் உள்ளிடத்தைவிடத் தெளிவாகக் குறுகலாக இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இரண்டும் ஒரே அகலமானால் எது உள்ளிடம், எது பிளவு என்று தடுமாறும். தடித்த எழுத்துருவில் உள்ளிடம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும் என்பதால் அங்கே தகராறு அதிகம். ஃபியூச்சுரா பிளாக் உள்ளிடத்தையே ஒழித்துவிட்டு அதைத் தாண்டியது.

திரையில் கணக்கு இன்னும் கறார். 16 பிக்சல் அளவில் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் சுமார் 11 பிக்சல் வரும். பிளவு அதில் இருபதில் ஒரு பங்கு என்றால் அரைப் பிக்சல். அரைப் பிக்சலை வெள்ளையாகக் காட்ட முடியாது, மங்கலான சாம்பல் கறையாகத்தான் காட்டும். படிக்கிறவருக்கு அது ஸ்டென்சிலாகத் தெரியாது, அச்சுப் பிழை மாதிரித் தெரியும். தலைப்பு, லோகோ, எண்கள், பெயர்ப்பலகை: இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்திகளுக்கு வேண்டாம்.

## தமிழுக்கு இதைச் செய்தால்

ட, ப, ர மூன்றுக்கும் தீவு இல்லை. அப்படியே வெட்டலாம். ம, வ, க மூன்றுக்கும் உண்டு. புள்ளி வைத்த எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, நிரப்பிய புள்ளி ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அதையே குட்டி வட்டமாகப் போட்டால் பாலத்துக்கு இடமே இருக்காது. கொம்பின் சுழி, இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' இவைதான் பாடுபடுத்தும். சுழி சின்னது, பாலம் அங்கே சுழியை விழுங்கிவிடும். செங்குத்துப் பாலத்தை விதியாக வைத்தால் 'ண' எழுத்தின் வளைவுகளுக்கு நடுவே ஏற்கெனவே இருக்கும் செங்குத்து இடைவெளிகளோடு அது கலந்துபோகும், எத்தனை சுழி என்று எண்ணுவதே கஷ்டம். இதற்குச் சாய்வுப் பாலம் சரிவரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பக்கத்திலேயே பார்க்க ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. இலங்கையின் மூனியாக் என்ற வடிவமைப்புக் குழுவினர் செய்த 'ஸ்டிக் நோ பில்ஸ்' சிங்களத்துக்கும், ஆங்கிலம் எழுதும் லத்தீன் எழுத்துக்குமான ஸ்டென்சில் எழுத்துரு, அந்த நாட்டுச் சுவர்களில் தகடு வைத்து எழுதும் "நோட்டீஸ் ஒட்டாதே" அறிவிப்புகளைப் பார்த்துச் செய்தது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. சிங்கள எழுத்தில் தமிழைவிட வளைவும் சுழியும் அதிகம். அந்தச் சுழிகளில் பாலத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பெரிதாக்கிப் பாருங்கள். நம் 'ண' எழுத்துக்கு வழி தேடுகிறவருக்கு அதில் வேலை இருக்கிறது.